பின்னலில் வாழும் நாற்காலி

நுழையும்முன்

மரச்சட்டம் பல தலைமுறைகள் நிலைக்கும். அதில் பின்னிய பிரம்பு சில ஆண்டுகளில் தளரும். தளர்ந்ததை மீண்டும் பின்னும் கை இருக்கும்வரை நாற்காலிக்கு முதுமை இல்லை. காட்டுக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவைப் பழைய பிரம்பு நாற்காலியின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

மரமும் கொடியும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற நகரம். அங்கிருந்து போடிமெட்டு வழியே ஏறினால் ஏலமலைச் சரிவுகள் விரிகின்றன. ஏலச்செடி பெருமரங்களின் நிழலில் வளர்வது. இம்மலைத்தொடரின் ஈரக்காடுகளில் வளரும் பிரம்புக்கும் மரமே துணை. பனைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடி, தன் முட்களால் மரங்களைப் பற்றிக்கொண்டு ஒளியை நோக்கி ஏறுகிறது. மரம் அழிந்தால் ஏலம் நிழலையும் பிரம்பு பற்றுக்கோட்டையும் இழக்கும்.

தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. கைப்பிடியற்ற பழைய நாற்காலியில் இவ்விரண்டும் இணைகின்றன. தேக்கு, ஈட்டி முதலியவற்றின் உள்வயிரம் சட்டமாகிறது. பிரம்பின் வலிய புறத்தோல் இருக்கையாகிறது.

பின்னும் முறை

பிரம்பின் புறத்தோலை மெல்லிய பட்டைகளாகச் சீவி நீரில் ஊறவைப்பர். இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் இட்ட துளைகளில் அவற்றை முதலில் முன்பின்னாகவும், அடுத்து இடவலமாகவும் இழுப்பர். இவ்விரு வரிசைகளையும் மீண்டும் ஒருமுறை இட்டபின், இரு மூலைவாட்டுகளிலும் கோத்து வாங்குவர். அப்போது எண்கோணக் கண்கள் தோன்றும். உலரும்போது பட்டை இறுகி, உடலின் எடையைச் சட்டம் முழுவதும் பகிர்ந்தளிக்கும். கண்களின் வழியே காற்று புகுவதால் வெப்பநாட்டுக்கு இவ்விருக்கை மிகவும் ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

மைக்கேல் தோனெட் 1859இல் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி, வளைத்த மரத்தாலும் பிரம்பு இருக்கையாலும் ஆனது. இவ்வகை நாற்காலிகள் 36இன் உறுப்புகளை ஒரு கனமீட்டர் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினர்.

விரல்களின் பார்வை

துளைகளை எண்ணியும் இழைகளைத் தடவியும் செய்யத்தக்கது இப்பின்னல். ஆதலால் பார்வையற்றோர் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் நாற்காலி பின்னுதல் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அலுவலக நாற்காலிகள் பலருக்குப் பிறர் கையை எதிர்பாராத வாழ்வைத் தந்தன. பின்னர் நெகிழி வயரும் வார்ப்பு நாற்காலிகளும் பரவின. அறுந்த பிரம்பைப் புதுப்பிக்கலாம்; உடைந்த வார்ப்பு நாற்காலியோ பெரும்பாலும் குப்பையைச் சேர்கிறது. மலிவு என்று நாம் கருதுவதன் விலையில், ஒரு தொழிலாளியின் வேலையிழப்பும் அடங்கியுள்ளது. பழைய நாற்காலியைப் பின்னக் கொடுப்பவர் ஒரு பொருளை மட்டுமன்று, அதைப் பின்னும் கையையும் காக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நாற்காலி பின்னுவோரைச் சந்தித்து, அத்தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுக்க.
2. ‘பழுதுபார்த்தலும் ஓர் அறமே’ என்னும் பொருளில் கலந்துரையாடுக.