சிறு வணிக வலைத்தளமும் அதன் வேகமும்

கடைக்கு வந்த ஒருவர் வெகுநேரம் காத்திருந்து திரும்பிச் செல்வாராயின், கடைக்காரர் அதனைக் கண்ணால் காண்பார். வலைத்தளத்தின் வாயிலில் காத்திருந்து திரும்புபவரோ அவர் கண்ணில் படுவதில்லை. அவர் முறையீடு எதுவும் எழுதுவதில்லை. வேறொரு கடையின் பக்கத்தைத் திறந்துகொள்கிறார். வலைத்தளம் அமைத்தும் விசாரணை வரவில்லை என்று சிறு தொழில் நடத்துவோர் குறைப்படும்போது, பொருளின் தரத்தையும் விலையையும் ஆராய்வதற்கு முன், பக்கம் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்பதைக் கள அலுவலர் அளந்து பார்ப்பது நன்று.

இதில் தளத்தின் உரிமையாளரே தவறான நடுவராக அமைந்துவிடுகிறார். அவர் தமது பக்கத்தை நாள்தோறும் திறப்பவர். ஒருமுறை வந்த படங்களை உலாவி அவரது கருவியிலேயே சேமித்து வைத்துக்கொள்வதால், மறுமுறை அவை உடனே தோன்றுகின்றன. புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு அச்சேமிப்பு இல்லை. அவர் அனைத்தையும் முதலிலிருந்து தருவித்தாக வேண்டும். ஆகவே, சோதனையை உரிமையாளரின் கருவியில் செய்யாமல், அத்தளத்தை முன்பு திறந்திராத, விலை குறைந்த கைபேசி ஒன்றில், செல்பேசி இணைப்பைக் கொண்டே செய்தல் வேண்டும்.

பக்கம் வந்து சேரும் முறை

முகவரியைத் தட்டியவுடன் பக்கம் வந்துவிடுவதில்லை. முதலில் அம்முகவரிக்குரிய எண் கண்டறியப்படுகிறது. பின்னர், பக்கத்தை வைத்திருக்கும் சர்வருடன் இணைப்பு ஏற்படவும், அவ்விணைப்பு பாதுகாப்பு பெறவும், வேண்டுகோள் சென்று விடை திரும்பவும் தனித்தனியே ஒரு சுற்றுப் பயணம் வேண்டும். 2018-இல் வெளியான பாதுகாப்பு முறையில்கூட இவ்வாறு குறைந்தது மூன்று சுற்றுகள் ஆகின்றன.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சர்வர் 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருந்தால், ஒரு சுற்றுக்கு 140 மில்லி விநாடி இயற்கையாகவே தேவை. கேபிள்கள் நேர்க்கோட்டில் செல்லாமையாலும், வழியில் பல கருவிகளைக் கடக்க வேண்டியிருப்பதாலும், 200 மில்லி விநாடி ஆவது வழக்கம். அப்போது மூன்று சுற்றுகளுக்கு 0.6 விநாடி கழிந்த பின்னரே முதல் எழுத்து வந்து சேரும். வாடிக்கையாளர் இந்தியாவில் இருக்க, சர்வரை மும்பை போன்ற நகரில் அமைத்தால் ஒரு சுற்று சில பத்து மில்லி விநாடிகளில் முடியும்.

ஆயினும் தூரமே முதற்காரணம் என எண்ணலாகாது. பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு, பக்கத்தின் மூல ஆவணம் வந்த பிறகு படங்களையும் பிற உறுப்புகளையும் பெறுவதில் கழிகிறது என்று ஸ்டீவ் சௌடர்ஸ் 2007-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். சிறு வணிகத் தளங்களில் படங்களே பெரும் சுமை.

படங்களின் கணக்கு

கர்நாடகத்துச் சன்னபட்டணம், வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பட்டறை ஒன்று தன் முதற்பக்கத்தில் 12 பொம்மைப் படங்களை வைத்திருப்பதாகக் கொள்க. கைபேசியில் எடுத்தவாறே ஏற்றப்பட்ட படம் ஒவ்வொன்றும் 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்டு, 4 மெகாபைட் எடையுள்ளது என்க. மொத்தம் 48 மெகாபைட் ஆகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆதலால் விநாடிக்கு 4 மெகாபிட் தரும் இணைப்பு விநாடிக்கு அரை மெகாபைட்டையே கொணரும். பக்கம் முழுமை பெற 96 விநாடி ஆகும். மேலும், நாளொன்றுக்கு 1 கிகாபைட் அளவு பெற்ற வாடிக்கையாளருக்கு அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இந்த ஒரே பக்கத்தில் தீர்ந்துவிடும். பட்டறைக்காரரின் கவனக்குறைவுக்கு வாடிக்கையாளர் பணம் செலுத்துகிறார்.

கைபேசித் திரைக்கு 1,000 புள்ளி அகலம் பெரும்பாலும் போதும். அகலமும் உயரமும் நான்கில் ஒன்றாகக் குறையும்போது புள்ளிகள் பதினாறில் ஒன்றாகின்றன. படம் 150 கிலோபைட் அளவில் அமைந்தால் பன்னிரண்டும் சேர்ந்து 1.8 மெகாபைட், நேரம் 3.6 விநாடி. திரையை அணுகும்போது மட்டும் படத்தைத் தருவிக்கும் ஏற்பாடு 2019 முதல் குரோம் உலாவியில் உள்ளது. இப்போது பிற முக்கிய உலாவிகளும் அதனை ஏற்கின்றன. அதன்படி முதலில் இரண்டு படங்கள் மட்டும் வருமாயின், அவற்றிற்கு 0.6 விநாடியே போதும். பக்கத்தின் தலைப்பில் நிற்கும் முதற்படத்திற்கு மட்டும் இவ்வேற்பாட்டைச் செய்தலாகாது. செய்தால் அதுவே தாமதமாகும்.

சுருக்குவதற்கும் எல்லை உண்டு. அரக்கின் மெருகும் வண்ணத்தின் நிறைவும் புலப்படாத அளவுக்குச் சுருக்கினால், வாங்குபவர் ஏமாற்றமடைந்து பொருளைத் திருப்பி அனுப்ப நேரும். மூலப் படங்களைத் தனியே பாதுகாத்து, சுருக்கிய படிகளையே தளத்தில் ஏற்றுதல் வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் அகல உயர அளவுகளைப் பக்கத்தில் குறித்துவிட்டால், படம் வருமுன்பே அதற்கு இடம் ஒதுக்கப்படும். படிக்கும் வரிகள் திடீரென நகரமாட்டா.

பிற சீர்திருத்தங்கள்

அடுத்து நீக்கத்தக்கவை வேண்டாத நிரல்கள். தானே நகரும் படவரிசை, எவரும் பயன்படுத்தாத உரையாடல் பெட்டி, மறந்துபோன கணக்கெடுப்பு நிரல் ஆகியவை வந்து சேர்வதற்கும் நேரம் வேண்டும். அவற்றை இயக்கக் கைபேசியும் உழைக்க வேண்டும். விலை குறைந்த கைபேசியில் இவ்வுழைப்பு மிகுதியாகத் தெரியும். எழுத்துருக்கள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டா. எழுத்துரு வரும்வரை கைபேசியிலுள்ள எழுத்திலேயே சொற்களைக் காட்டுமாறு அமைத்தல் நலம்.

எழுத்துப் பகுதியை ஜிஜிப் அல்லது பிராட்லி முறையில் சுருக்கி அனுப்புமாறு சர்வரை அமைக்கலாம். யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டும், தமிழ், கன்னட எழுத்துக்குறிகளுக்குத் தலா 3 பைட்டும் ஆகின்றமையால், இந்திய மொழிப் பக்கங்களுக்கு இது பெரிதும் பயன்படும். படங்களை நெடுநாள் சேமிக்குமாறு உலாவிக்குக் குறிப்பு அனுப்பலாம். விலைப்பட்டியலுக்கு அவ்வாறு செய்யலாகாது. செய்தால் விலை மாறிய பின்னும் பழைய விலையே வாடிக்கையாளருக்குத் தோன்றும்.

அளவுகோல்

கூகிள் நிறுவனம் 2020-இல் வகுத்த அளவுகோலின்படி, பக்கத்தின் தலைமையான படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். நான்கு வருகைகளில் மூன்றிலேனும் இது நிறைவேற வேண்டும். அந்நிறுவனத்தின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் சோதனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. கள அலுவலர் சீர்திருத்தத்திற்கு முன் மூன்று முறையும், பின் மூன்று முறையும் அளந்து, இடைப்பட்ட மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்தால்தான் எதனால் எவ்வளவு பயன் என்பது விளங்கும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர் ஒரே நிழற்படத்தை 4,000, 2,000, 1,000 புள்ளி அகலங்களில் மூன்று படிகளாக்கி, அவற்றின் எடையை மாணவர்கள் குறிக்கச் செய்யலாம். மூன்றையும் கைபேசித் திரையில் அடுத்தடுத்துக் காட்டி, வேறுபாடு தெரிகிறதா எனக் கேட்கலாம். பின்னர் விநாடிக்கு 1, 4, 16 மெகாபிட் இணைப்புகளில் ஒவ்வொன்றும் வந்து சேரும் நேரத்தை வகுத்தல் கணக்காகத் தரலாம். பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாடு இதனால் மனத்தில் நன்கு பதியும்.

இச்சீர்திருத்தங்களில் பெரும்பாலானவற்றிற்குப் புதிய கருவியோ மிகுந்த பொருட்செலவோ தேவையில்லை. ஒரு பிற்பகல் உழைப்பில் படங்களைச் சுருக்கி முடிக்கலாம். அதன் பயனாக, இணைப்பு நலிந்த ஊரிலிருந்து முதன்முறையாக வரும் வாடிக்கையாளருக்கும் பொம்மையின் வடிவும் விலையும் சில விநாடிகளில் கிட்டும்.