அறிவு தந்தவர் பெயர் ஏட்டில் நிற்க வேண்டும்

1987ஆம் ஆண்டில் அகத்தியமலைக்குச் சென்ற தாவர ஆராய்ச்சியாளர்கள் நடந்து களைத்தனர். வழிகாட்டிய காணி மக்களோ ஒரு கனியை உண்டு சோர்வின்றி நடந்தனர். அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையைக் கொண்டு, திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கினர். 1995இல் அதனைத் தயாரிக்க உரிமம் வழங்கிப் பெற்ற தொகையில் பாதி, காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அறிவைத் தந்தவர் இன்னார் என்பது தெரிந்திருந்ததாலன்றோ அப்பங்கு கிட்டிற்று!

பஞ்சாயத்து உறுப்பினர்களே! 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி நம் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பெறுகிறது. அதில் மூலிகையின் பெயரும் பயனும் மட்டும் போதா. கூறியவர் யார், எந்நாளில் கூறினார் என்பனவற்றையும் அவர்தம் இசைவு பெற்றுக் குறித்திடுக. பெயரற்ற குறிப்பு பிறர் கைக்குச் சென்றபின் உரியவரைத் தேடுதல் அரிது.