மின்வடிவ நூல்களும் பதிப்புரிமைச் சட்டமும்

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழகத்தின் எல்லையை ஒட்டியுள்ள விஜயபுரத்தில் தமிழாசிரியர் ஒருவர் பழைய இலக்கண நூல் ஒன்றைத் தேடுகிறார் என்று கொள்வோம். முன்னாளில் அவர் சித்தூருக்கோ திருப்பதிக்கோ பஸ் ஏறி, நூல் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். இன்று கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கிறார். ஒரு நூல் முழுமையாகத் திறக்கிறது. அதே ஆசிரியரின் மற்றொரு நூலுக்குப் பெயரும் ஆண்டும் மட்டுமே கிடைக்கின்றன. சென்ற ஆண்டு திறந்த நூல் இவ்வாண்டு காணப்படாமற் போவதும் உண்டு. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரம் அன்று, சட்டமே யாகும்.

பழைய நூல்களை மின்வடிவாக்கும் பெருமுயற்சியில் இம்மாவட்டத்துக்குத் தனிப் பங்கு உண்டு. சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் 1937இல் பிறந்து, கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி, பின்னர் அமெரிக்காவில் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி விஞ்ஞானப் பேராசிரியரானார். 1994இல் டூரிங் பரிசு பெற்றார். பத்து லட்சம் நூல்களை மின்வடிவாக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். அதன் இந்தியக் கிளையே ‘இந்திய மின் நூலகம்’ எனப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஹைதராபாத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் அதில் ஈடுபட்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் பங்கேற்று, நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க உதவிற்று.

இந்நூலகத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. ஆனால் அட்டவணையில் பிழைகள் மலிந்திருந்தன. தமிழ், தெலுங்கு நூற்பெயர்கள் ரோமன் எழுத்தில் மனம் போனபடி எழுதப்பட்டமையால், நூல் இருந்தும் கண்டுபிடிக்க இயலாத நிலை ஏற்பட்டது. யானும் ஒருமுறை ஒரே பெயரை ஏழு விதமாக எழுதித் தேடி, எட்டாம் முறை நூலைக் கண்டேன். கண்ட நூலில் முன்னுரைப் பக்கங்கள் இல்லை! இக்குறையைக் காட்டிலும் பெரியது வேறொன்று. ஆசிரியர் எந்த ஆண்டு காலமானார் என்று தீர விசாரியாமலே பல நூல்கள் ஏற்றப்பட்டிருந்தன. பதிப்புரிமை பற்றிய ஐயப்பாடு எழவே, 2017இல் அத்தளம் பொதுமக்கள் பார்வையினின்று விலக்கப்பெற்றது. சில நூல்களின் பொருட்டு எல்லா நூல்களும் மறைந்தன. அவற்றுள் 4 லட்சத்துக்கு மேற்பட்டவற்றின் படிகள் அமெரிக்காவிலுள்ள ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் நிலையத்தில் இருந்தமையால் முற்றிலும் இழப்பு நேரவில்லை. 2018இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற தேசிய மின் நூலகம் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் பொறுப்பில் நடைபெறுகிறது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும் என்பது முதலில் இருந்த விதி. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியவிருந்த தறுவாயில், 50 என்பது 60 ஆக்கப்பட்டது. 1992இல் இது திருத்தச் சட்டமாயிற்று. இறந்த நாளிலிருந்து கணக்கிடுதல் தவறு. அடுத்த ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கணக்கிட வேண்டும். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியைச் சேர்ந்த சி. ஆர். ரெட்டி 1951இல் காலமானார். ஆகவே அவர் வெளியிட்ட நூல்கள் 2012 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. வடக்கெல்லையில் தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் மறைந்தது 1953, அவருக்கு 2014. 1972இல் மறைந்த ராஜாஜியின் நூல்களுக்கோ 2032 முடிய உரிமை உண்டு. இருவர் சேர்ந்து எழுதிய நூலாயின், பின்னர் இறந்தவரின் ஆண்டே கணக்கு. ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக வெளிவந்த நூலுக்கு வெளியீட்டு ஆண்டைக் கொள்ள வேண்டும்.

அரசாங்க வெளியீடுகளுக்கும் வெளியீட்டு ஆண்டிலிருந்தே 60 ஆண்டுகள். ஆகவே 1960இல் சென்னை அரசாங்கம் வெளியிட்ட விவசாயக் கையேட்டை இன்று எவரும் மறு அச்சிடலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையுமுன் இப்பகுதியின் பெரும்பாகம் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1881இல் வெளிவந்து 1895இல் திருத்தப்பெற்ற வட ஆற்காடு மாவட்டக் கையேடு, ஏரி, பாசனம், பயிர் பற்றி ஆராயும் கள ஊழியர்க்கு இன்றும் பயன்படும்; அதனைப் படியெடுக்க யாதொரு தடையும் இல்லை. (அரசாங்க மொழிபெயர்ப்பாளன் பணியில் எழுதுவனவும் அரசாங்கத்துக்கே உரியன, என் பேரன் உரிமை கோர வழியில்லை.)

மூலம் பழையதாயினும் பதிப்பு புதியதாக இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலன தமிழ். அவற்றின் வாசகத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆயின் அவற்றுக்கு இக்காலத்து அறிஞர் எழுதிய முன்னுரை, மொழிபெயர்ப்பு, குறிப்பு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. திருக்குறளுக்கு உரிமை இல்லை. நேற்று எழுதிய உரைக்கு உண்டு.

காலம் முடியுமுன்னரே உரிமை நீங்குவதும் உண்டு. பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949இல் மேற்கொண்டு, 1955இல் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்தது. பின்னர்த் தமிழக அரசு வேறு பல ஆசிரியர்களின் மரபுரிமையாளர்க்குப் பரிவுத் தொகை அளித்து, நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. இவற்றைப் படியெடுக்க எல்லைக்கு இப்பாலுள்ள பள்ளிகளும் தயங்க வேண்டுவதில்லை.

உரிமை உள்ள நூலானால் ஆசிரியர் என் செய்வது? கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுத்தலைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் படிகள் பற்றிய வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2016இல் இவ்விதிக்கு விரிந்த பொருள் கொண்டது. பாடத்துக்கு வேண்டிய பகுதியை வகுப்பினருக்கு வழங்குதல் வேறு. முழு நூலையும் ஊரெங்கும் அனுப்புதல் வேறு. தன்னிடமுள்ள அச்சு நூலைப் பாதுகாப்பின் பொருட்டு மின்வடிவில் சேமிக்க இலாப நோக்கற்ற பொது நூலகத்துக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தருகிறது. அவ்வடிவை உலகறியத் திறந்துவைக்கும் உரிமையை அது தரவில்லை. பார்வையற்ற மாணவருக்காக நூலை ஒலி வடிவிலோ வேறு ஏற்ற வடிவிலோ ஆக்கித் தருவதற்கும் அதே திருத்தம் வழி செய்தது. இச்சலுகையைப் பள்ளிகள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

எஞ்சி நிற்பது கடினமான வகை. 1960களில் ஓர் ஊராசிரியர் எழுதிய நூல், அச்சகம் இல்லை, ஆசிரியர் இருக்கிறாரா என்றும் தெரியாது. விற்பவரும் இல்லை, அனுமதி கொடுப்பவரும் இல்லை. இத்தகையவற்றுக்கு நாளிதழில் விளம்பரம் செய்து, விண்ணப்பித்து உரிமம் பெறச் சட்டத்தின் 31அ பிரிவு இடமளிப்பினும், சிற்றூர் நூலகத்துக்கு அச்செலவு தாங்காது. உரிமையாளர் கிடைத்தாலோ, 21ஆம் பிரிவின்படி அவரே உரிமையைத் துறந்து அறிவிக்கலாம். ஆகையால் உள்ளூர் ஆசிரியர்களின் மறைவாண்டையும் குடும்பத்தார் இருப்பிடத்தையும், முதியோர் நினைவில் உள்ளபோதே கேட்டு, நூலகப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்தல் நலம்.