குஞ்சு வாங்கும்போது இனம் அறிவது எப்படி?

செம்மங்குப்பம் போன்ற கடலூர், சிதம்பரம் வட்டார ஊர்களில் புழக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். இவர்கள் நாட்டுக் குஞ்சு என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கியவை சில மாதங்கள் கழித்து வேறு இனமாகத் தெரிய வந்தால், போட்ட தீவனமும் காலமும் வீணாகும். அடை வைத்துக் கோழியைப் பெருக்கலாம் என்ற எண்ணமும் ஈடேறாது. லெகார்ன், வனராஜா போன்றவை பெரும்பாலும் அடை உட்காருவதில்லை. ஆகவே வாங்குமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

பூமயிரின் நிறம் மட்டும் போதாது

ஒரு நாள் குஞ்சின் நிறத்தைக் கொண்டு இனத்தை முடிவு செய்யக்கூடாது. நாட்டுக் கோழியில் ஒரே அடையில் மஞ்சள், கருப்பு, பழுப்பு, முதுகில் கோடு என்று பல நிறங்கள் பொரிக்கும். வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களும் பல நிறத்தில் இருப்பதால், அவற்றை நாட்டுக் குஞ்சு என்று விற்பது எளிது.

கூடையில் உள்ள அத்தனை குஞ்சும் ஒரே மஞ்சளாக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்படும் லெகார்ன் சேவல் குஞ்சுகள் மஞ்சளாகவே இருக்கும். தெருவில் சாயமேற்றி விற்பவையும் பெரும்பாலும் இவைதாம். இரண்டு மூன்று வாரங்களில் புதுச் சிறகு வெள்ளையாக முளைக்கும்போது சாயம் வெளுத்துவிடும்.

கொண்டையும் தோலும்

கொண்டையின் அமைப்பு முதல் நாளிலேயே தெரியும். குஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, அலகுக்கு மேலே பாருங்கள். மெல்லிய ஒற்றை வரப்பு இருந்தால் ஒற்றைக் கொண்டை. தாழ்வாக மூன்று வரிசை தெரிந்தால் பட்டாணிக் கொண்டை. அசீலுக்கு உரியது பட்டாணிக் கொண்டை. எனவே ஒற்றைக் கொண்டைக் குஞ்சு தூய அசீல் அல்ல. ஆனால் பட்டாணிக் கொண்டை இருப்பதனாலேயே தூய அசீல் என்று சொல்லிவிட முடியாது. அசீல் கலப்பிலும் அக்கொண்டை வரும்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதி இனம். 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதன் குஞ்சு கருநீலம் அல்லது கருப்பாக இருக்கும். முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகள் காணப்படும். மேலே கருப்பாயிருந்து, கால், அலகு, தோல் ஆகியவை மஞ்சளாகவோ வெளுத்தோ இருந்தால் அதைக் கடக்நாத் என்று வாங்காதீர்கள். கலப்பிலும் கருமை வரக்கூடுமாதலால், கருமை ஒன்றே தூய்மைக்குச் சான்றாகாது.

அதாவது இவ்வடையாளங்கள் ஒரு குஞ்சு எந்த இனம் அல்ல என்பதைக் காட்டுமே தவிர, எந்த இனம் என்று உறுதி சொல்லா. உறுதி பெறத் தாய்க்கோழியையும் சேவலையும் நேரில் பார்க்க வேண்டும்.

எடை காட்டும் உண்மை

வாரம் ஒருமுறை நாலைந்து குஞ்சுகளைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். கறிக்கோழிக் குஞ்சு நல்ல தீவனத்தில் நான்கு வாரத்தில் ஒரு கிலோவைத் தாண்டும். நாட்டுக் குஞ்சு அந்த வயதில் கால் கிலோவைத் தொடுவதே அரிது. இது சாதாரண இயல்பே. நாட்டுக் குஞ்சு மெல்ல வளர்கிறதென்று கவலைப்பட வேண்டாம்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

1. பொரித்த தேதி, இனம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிய ரசீது கேட்டு வாங்குக.

2. மேரக்ஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டறிக. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து இட வேண்டும்.

3. புதுக் குஞ்சுகளை வீட்டுக் கோழிகளுடன் உடனே விடாமல், இரண்டு வாரம் தனியே வைத்திருங்கள்.

4. புதியவரிடம் முதல் முறை கொஞ்சமாக வாங்கி வளர்த்துப் பார்த்துப் பிறகு பெருக்குங்கள்.

ஐயமிருப்பின் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ இரண்டொரு குஞ்சுகளுடன் சென்று கலந்து பேசுங்கள். பணம் கொடுக்குமுன் கேட்பது நலம்.