காற்றுப் பட்டால் புற்றுநோய் பரவுமாம்!

மலையகத்து எல்ல டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, போன மாதத்தில் மட்டும் நான்கு பேர் இதை என்னிடம் சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆள் படித்த பிள்ளை. வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறவள்.

"மிஸ், அப்பாவுக்கு மொதல்ல ஒபரேஷன் செஞ்சப்பவே உள்ளுக்குக் காத்துப் பட்டிருச்சு. அதனாலதான் ரெண்டு வருசத்துல திரும்பி வந்திருக்கு. இப்ப மறுபடி ஊசி குத்திப் பாக்கணுமாம். வேணாம்னு சொல்லிட்டோம்."

வேணாம் என்றது யார்? அண்ணன், சித்தப்பா, தேயிலைத் தோட்டத்தில் அப்பாவோடு கவ்வாத்து வெட்டிய இரண்டு பேர், அப்புறம் யூடியூப். அப்பாவுக்கு விஷயமே தெரியாதாம்.

இருபத்தேழு வருஷம் தாதியாக இருந்தேன், அதில் பாதி நெஞ்சு நோய் வார்டில். "மிஸ்" என்று யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் கால் தானாக நிற்கிறது. ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வேறு எந்த உறுப்பைப் பற்றி இப்படிச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். நுரையீரலைப் பற்றிச் சொல்ல எப்படி வாய் வருகிறது? அதன் வேலையே காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்றை இழுத்து விடுகிறார். மூச்சுக்குழாய்ச் சுவரில் முளைக்கும் கட்டி, முளைத்த நாளிலிருந்தே அந்தக் காற்றில்தான் குளிக்கிறது. காற்றுத்தான் எமன் என்றால், டொக்டர் கத்தியை எடுக்கும்வரை எமன் வாசலில் காத்திருப்பானா? புற்றுநோய் பரவுவது இரத்தத்தின் வழியும் நிணநீரின் வழியும். கத்தியையே காணாத உடம்பிலும் அது பரவும். வைத்தியமே செய்யாமல் மூளைக்கும் எலும்புக்கும் போன நோயாளிகளை நான் எத்தனை பேரைத் துடைத்துவிட்டிருக்கிறேன்!

1933இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரகாம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வந்த ஒருவருடைய ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். நோயாளியும் ஒரு டொக்டர்தான். நெஞ்சு திறந்தது, காற்று தாராளமாகப் பட்டது. அந்த மனிதர் அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். கிரகாமோ பல வருஷம் சிகரெட் பிடித்தவர். 1957இல் அவரே நுரையீரல் புற்றுநோயில் போனார், தன் நோயாளிக்கு முன்னால்.

தோட்டத்து ஆட்கள் படிக்காதவர்கள், அதனால் இப்படி நம்புகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் நெஞ்சு நோய்க் கிளினிக்குகளில் கேட்டுப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் இதையே சொன்னார்கள். இதற்காக ஒபரேஷனையே மறுப்போம் என்றவர்களும் அதில் இருந்தார்கள்.

வதந்தி பிறந்த இடம் எனக்கு விளங்குகிறது. சி.டி. ஸ்கேன் இல்லாத காலத்தில், திறந்து பார்த்தால்தான் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். பல தடவை, ஒன்றும் செய்ய முடியாது என்று அப்படியே மூடித் தைத்து அனுப்பினார்கள். ஆள் இரண்டு மாதத்தில் போய்விடுவார். நோய் முற்றியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, தையல் மட்டும் தெரிந்தது. பழி தையலுக்குப் போயிற்று.

திரும்பி வருவதும் அப்படித்தான். கட்டியை எடுக்கும் முன்பே ஒரு சில கலங்கள் எங்கேயாவது போய் ஒளிந்திருக்கும். எந்த ஸ்கேனிலும் விழாத அளவு சின்னவை. இரண்டு வருஷம் கழித்து அவை தலை தூக்கினால் அது கத்தியின் குற்றம் இல்லை.

ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்ப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊசி போன வழியில் நோய் ஒட்டிக்கொள்வது பத்தாயிரத்தில் ஒருசிலருக்கு நடக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: நுரையீரலில் சின்ன ஓட்டை விழுந்து, அதைச் சுற்றிக் காற்றுச் சேரும். பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்குக் குழாய் போட வேண்டி வரும். காற்றைப் பற்றிப் பயப்பட வேண்டுமானால் இதற்குப் பயப்படுங்கள், டொக்டரிடம் இதைக் கேளுங்கள்.

"ஒருக்கா பாத்தாச்சுதானே, மறுபடி எதுக்கு?" நியாயமான கேள்வி. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் எல்லாம் புற்றுநோய் இல்லை, காசநோயும் அப்படியே நிழல் காட்டும். புற்றுநோய்தான் என்றாலும், போன தடவை இருந்த குணம் இந்தத் தடவை மாறியிருக்கலாம். சில கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். புகைக்காத ஆசியர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், அது அதிகம். அது இருந்தால் ஊசி மருந்துக்குப் பதில் மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

இனி மற்றக் கதைகள். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகாது, மெலிவது அப்பாதான். கட்டு அனோதா (முள்சீத்தா) இலைக் கஷாயம் ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் கலங்களைக் கொன்றிருக்கிறது, மனிதரைக் குணமாக்கியதாகச் சான்று இல்லை. கரீபியன் தீவுகளில் அந்த மரத்தின் பழமும் இலையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் நரம்புக் கோளாறு கண்டிருக்கிறார்கள். தட்டையும் டம்ளரையும் பிரித்து வைப்பது வெறும் கொடுமை, புற்றுநோய் தொற்றாது. மோர்ஃபீன் கொடுத்தால் "கடைசி" என்று அர்த்தமில்லை, வலி என்று அர்த்தம். நோய் வந்த பிறகு பீடியை விட்டு என்ன பயன்? பயன் உண்டு, வைத்தியம் நன்றாக ஏறும். வயசாயிருச்சு என்பதும் பதில் இல்லை. நோயாளி பிறந்த வருஷத்தை மட்டும் டொக்டர் பார்ப்பதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில் இருக்கிறாரா, தன் வேலையைத் தானே செய்கிறாரா என்று பார்க்கிறார்.

வைத்தியம் வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம், அது அவருடைய உரிமை. ஆனால் அதற்குப் பெயர் கைவிடுதல் இல்லை. 2010இல் பொஸ்டனில் வந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்கு வழக்கமான வைத்தியத்தோடு வலி, மூச்சுத் திணறல், மனச்சோர்வைக் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் ஆரம்பத்திலேயே சேர்த்தார்கள். அவர்கள் மனம் தெளிந்து, ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். இவ்வளவுக்கும் கடைசிக் காலத்தில் கடும் வைத்தியம் எடுத்தவர்கள் அவர்களில் குறைவு.

இதெல்லாம் கிளினிக்கில் சொல்ல மாட்டார்களா என்பீர்கள். சொல்வார்கள், சிங்களத்தில். டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில். (இது என் பழைய பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. ஆனால் "புற்றுநோய் திரும்பியிருக்கிறது" என்பதைத் தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன ஆறாம் வகுப்புப் பேத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டோக்காரர் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். டொக்டர் சொன்னது விளங்காத இடத்தில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதுதான் விளங்கும். ஒவ்வொரு புற்றுநோய்க் கிளினிக்கிலும் சம்பளம் கொடுத்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். இந்தப் பத்தியை நான் எழுத வேண்டியிருக்காது. அதுவரை, மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், கேட்க வேண்டியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பேர், ஒரு நாள் சம்பளம், போகும்தான். போகட்டும்.

விடுதியில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளை கேட்டதற்காகப் போன ஞாயிறு அவர்கள் லயத்துக்குப் போனேன். அப்பா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும் மிஸ்," என்றார். "வெலிசறை ஆஸ்பத்திரியில நெஞ்சத் தொறந்தாங்க. என்ன வியாதின்னு தெரியாமயா இருப்பேன்? புள்ளைங்க பயந்து கெடக்குதுங்க, அதான் கேக்கல."

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஊசியைப் பற்றிச் சொன்னேன், காற்றுச் சேரக்கூடியதையும் சேர்த்து. அன்றைக்கே வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். ஒரு ராத்திரி மறிக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப மாட்டுக்குப் புல்லறுக்க ஆள் சொல்லிட்டுத்தான் போகணும்."