ஒளியின் பிடியில் உயிர் பிழைக்குமா?

உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்பு முற்றும்போது அது சிவப்பேறுவதுண்டு. துனாலியெல்லா என்னும் ஒற்றைச் செல் பாசியும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுமே அதற்குக் காரணம். மரக்காணத்து மாணவியராகிய நாம் அப்பாசியில் ஒன்றை மட்டும் பிடித்து ஆராய விரும்பினால் என்ன செய்வது? அதற்குக் கெட்டியான செல்சுவர் இல்லை. ஊசிமுனை பட்டாலே சிதையலாம். இத்தகைய மெல்லிய செல்களை ஒளியாலேயே பிடிக்க ஒரு வழி உண்டு.

1986-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஆஷ்கின் குழுவினர், லேசர் கதிரை லென்சால் ஒரு புள்ளியில் குவித்தனர். நீரிலிருந்த நுண்துகள் அப்புள்ளிக்கு இழுக்கப்பட்டு அங்கேயே நின்றது. இதுவே ‘ஒளி இடுக்கி’.

1987-இல் பச்சை லேசரால் பாக்டீரியாக்களைப் பிடித்தனர். ஆனால் கதிரின் வலிமை கூடியபோது அவை மடிந்தன. குழுவினர் இதை மறைக்கவில்லை; ஒளியை மாற்றினர். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரில் பிடித்தபோது, ஈ.கோலை பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் அப்பிடியிலேயே இனம் பெருக்கின!

காரணம் என்ன? வெயிலில் கறுப்புத் துணி சுடுகிறது. வெள்ளை உப்பு அவ்வளவு சுடுவதில்லை. ஒளியை எது அதிகம் உறிஞ்சுகிறதோ அதற்கே கேடு அதிகம். அகச்சிவப்பைச் செல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது.

ஆயினும் எல்லா அகச்சிவப்பும் ஒன்றன்று. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், பாக்டீரியாவின் கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தனர். இழை அசைய முடியாததால் உடல் சுழன்றது. ஒளியால் கேடு நேர்ந்தால் சுழற்சி தளரும். 870, 930 நானோமீட்டரில் கேடு மிகுதி. 830, 970-இல் குறைவு. ஆக்சிஜனை நீக்கியதும் கேடு பெரிதும் தணிந்தது.

டிரிபான் நீலம் என்னும் சாயமும் உதவும். இறந்த செல் நீலமாகும். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. ஆனால் சாயம் ஏறாத செல்லெல்லாம் நலமாக உள்ளது என்று கொள்ளலாகாது. அது நீந்துகிறதா, பிரிகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

நம் நாட்டிலும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004-இல் இரத்தச் சிவப்பணுக்களை இவ்வாறு பிடித்தனர். ஒளியின் பிடியில் அணுக்கள் மடிந்து கோல்போலாயின. மலேரியா தொற்றியவை சுழன்றன, நலமானவை சுழலவில்லை. பிடிக்கும் ஒளியே அணுவின் உருவை மாற்றுவதால், காண்பது அணுவின் இயல்பா, ஒளியின் விளைவா என்று பிரித்தறிய வேண்டும். நலமான அணுக்களையும் உடன்வைத்து ஒப்பிட்டதன் பயன் இதுவே.

2018-இல் ஆஷ்கின் தம் 96-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார். தோழியரே, அசையாமல் நிற்பது உயிரோடிருப்பதற்குச் சான்றாகாது. இறைவன் படைத்த சிற்றுயிரைக் கையாளும்போது, ‘தீங்கு செய்தோமா?’ என்று முதலில் நம்மையே சோதிப்பதுதான் உண்மை அறிவியல்.