சமாதிக் கிரியையும் பள்ளிப்படையும்

இறந்தார் உடலை நிலத்திலிடுதலும் எரியூட்டுதலும் ஆகிய இருவகை வழக்கும் தமிழகத்தில் தொன்றுதொட்டு நிகழ்ந்துவந்தன. அவற்றுள், ஞானியர் திருமேனியை நிலத்திற் சேமித்து, அதன்மேற் சிவலிங்கந் தாபித்து வழிபடும் முறையைக் குறித்து, 'இது பிணத்தை வழிபடுவதாகாதோ?' என ஆசங்கிப்பார் உளர். இவ்வாசங்கைக்கு விடை காணுமுன், இவ்வழக்கின் வரலாற்றை ஒருசிறிது ஆராய்வாம்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் யாகோர் என்னும் ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பாரும் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகள் அறிஞர் பலரும் அறிந்தவை. கீழடியை அடுத்த கொந்தகையிலும் 2020-ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வில் இத்தகைய தாழிகள் வெளிப்பட்டன. இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கின்றது. கிள்ளிவளவன் துஞ்சியபோது, அவன் பெருமைக்கு ஒத்த தாழியை எங்ஙனம் வனையவல்லாய் என ஐயூர் முடவனார் குயவனை நோக்கி இரங்குதலைப் புறநானூற்றிற் காண்கின்றோம். அக்கால ஈமக்கடனில் வேட்கோவர்க்கு இன்றியமையாத இடமிருந்தமை இதனாற் பெறப்படும். மணிமேகலையோ, எரித்தல், வறிதே போட்டுச் செல்லுதல், குழியகழ்ந்து புதைத்தல், தாழ்ந்த அறையில் வைத்து மூடுதல், தாழிகொண்டு கவித்தல் என்னும் ஐவகையும் ஒரே ஈமப்புறங்காட்டில் நிகழ்ந்தனவாகக் கூறும். ஆதலின், ஒரு வழக்கையே பழமையுடையதெனக் கொண்டு ஏனையவற்றை இழித்துரைத்தல் வரலாற்றொடு பொருந்தாது.

இனி, ஞானியர்க்குரிய முறையைத் திருமூலர் ஏழாந் தந்திரத்திற் 'சமாதிக் கிரியை' என்னும் பகுதியில் விரித்தோதுகின்றார். ஞானியின் உடலை எரியூட்டின் நாடு வெதும்பும் என்பது அவர் கருத்து. மனைப்பக்கம், சாலையோரம், குளக்கரை, ஆற்றிடை, பூஞ்சோலை, காடு, மலைச்சாரல் முதலியன குகைக்குரிய இடங்களாம். ஒன்பது சாண் ஆழம் அகழ்ந்து, முக்கோணக் குகை அமைத்து, பதுமாசனத்தில் இருத்துதல் வேண்டும். மேலெழுப்பும் மேடையில் அரசையேனும் சிவலிங்கத்தையேனும் நிறுவி, சந்நிதி வடக்கோ கிழக்கோ நோக்க, பதினாறு உபசாரமும் செய்தல் முறையாம்.

இதனோடு ஒத்தும் வேறுபட்டும் நிற்பது அரசர்க்கு எடுத்த பள்ளிப்படை. காளத்தியை அடுத்த தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்தன் பொருட்டு அவன் மைந்தன் முதற் பராந்தகன் ஆதித்தேச்சுரம் எடுத்தான். மேற்பாடியில் அரிஞ்சயன் பொருட்டு முதலாம் இராசராசன் அரிஞ்சிகை ஈச்சுரம் எடுப்பித்தான். பட்டீச்சுரத்தை அடுத்துள்ள பஞ்சவன் மாதேவீச்சுரம், முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை நினைவாக எழுப்பியது. இவ்வரசரை ஞானியரென எவருங் கூறிலர். எனினும், மூன்று கோயிற்கும் 'ஈச்சுரம்' என்னும் பெயரே அமைந்தமை உற்றுநோக்கற்பாலது. இறந்தார் பெயர் முன்னிற்பினும், கருவறையில் வீற்றிருந்து பூசை கொள்பவன் இறைவனே என்க.

இதுவே முன்னைய ஆசங்கைக்கும் விடையாம். உடம்பு மாயையின் காரியம், சடம். உயிர் நீங்கியபின் அதனை வழிபடுக எனச் சித்தாந்தம் யாண்டும் விதித்திலது. அற்றேல், ஞானியர் உடலை ஏனையோர் உடல்போல எரியூட்டாமை என்னையெனின், அது ஞானத்தீயாற் முன்னரே தூய்மையுற்று, சிவன் விளங்கித் தோன்றும் இடமாய் நின்றது என்பது பெரியோர் கொள்கை. மெய்யடியார் வேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் பணித்தலும் இக்கருத்துப் பற்றியேயாம். ஆகவே, குகையின்மேல் நிகழும் பூசை உடற்பூசையன்று, சிவபூசையேயாம்.

இங்ஙனமாகலின், இக்குகைகளைப் பேணுதல் சமயக் கடமையும் வரலாற்றுக் கடமையுமாம். அரசர் கோயில்களைக் கல்வெட்டால் அறிகின்றோம். கல்வெட்டில்லாத மேடையோ, வழிபாடு ஒழிந்த ஓரிரு தலைமுறையிலேயே இன்னார் சமாதியென அறியவொண்ணாது மறைந்துபடும். ஆதலின், மடத்துத் தலைவர்கள் தத்தம் எல்லையிலுள்ள சமாதிகள் ஒவ்வொன்றற்கும் குருமூர்த்திகளின் பெயர், பரிபூரணமுற்ற ஆண்டு, மாதம், நாண்மீன் ஆகியவற்றைக் கல்லிற் பொறித்தும், குருபரம்பரை ஏட்டில் எழுதியும் வைப்பாராயின், குருபூசை வழுவாது நடைபெறுதற்கும் பரம்பரை வரலாறு ஐயமின்றி விளங்குதற்கும் அது பெருந்துணையாம். இம்முயற்சியை இனியும் தாழ்த்தலாகாது என்பதே எமது வேண்டுகோள்.